உள்ளரங்க விழாக்களில் குழுப் படம்: ஃபிளாஷ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவின் தலையில் மாட்டும் ஃபிளாஷ் ஒன்றை வைத்துக்கொண்டு, அரங்கத்துக்குள் ஐந்து பேரிலிருந்து நாற்பது பேர் வரை நிற்கவைத்துப் படம் எடுப்பவர்களுக்கான பக்கம் இது. எண்கள் எல்லாம் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவுக்குச் சொல்லப்பட்டவை. சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 35 மி.மீ. லென்ஸ் என்று வரும் இடத்தில் 23 அல்லது 24 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அரங்கம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கிறது. ஃபிளாஷ் அடித்தால் மட்டும் ஆட்களுக்குப் பின்னால் ஏன் கும்மிருட்டு?

ஃபிளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு வெளிச்சங்கள் பதிகின்றன. ஒன்று ஃபிளாஷ் தருவது, இன்னொன்று அரங்கத்து விளக்குகள் தருவது. ஃபிளாஷ் ஒரு நொடியின் மிகச் சிறு துளியில் மின்னி அணைந்துவிடும். அதனால் ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஃபிளாஷ் விழுந்த அளவு மாறாது. அரங்க வெளிச்சம் அப்படியல்ல. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு நேரம் அது சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/200 நொடி என்று வைத்தால் அரங்க விளக்குகள் பதிய நேரமே கிடைப்பதில்லை. ஃபிளாஷ் எட்டுகிற ஆட்கள் மட்டும் தெரிவார்கள், பின்னணி கருத்துவிடும். ஐஎஸ்ஓவை 800 அல்லது 1600க்கு ஏற்றி ஷட்டரை 1/80 அல்லது 1/100க்கு இறக்குங்கள். பின்னால் உள்ள மேடையும் விளக்கும் அலங்காரமும் திரும்பி வந்துவிடும். "ஃபிளாஷ் இருக்கும்போது ஐஎஸ்ஓ எதற்கு?" என்று கேட்பவர்கள் பலர். இருட்டுக் குகைப் படங்களில் பெரும்பாலானவை அந்த எண்ணத்திலிருந்து வருபவைதான். ஐஎஸ்ஓ 1600இல் வரும் புள்ளிகள் பெரிய அச்சில்கூட அவ்வளவாகத் தெரியாது. கருத்துப்போன பின்னணி சிறிய அச்சிலும் தெரியும்.

எந்த அமைப்பில் தொடங்கலாம்?

கேமரா மேனுவல் மோடில், எஃப் 5.6 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்), ஷட்டர் 1/100, ஐஎஸ்ஓ 800. முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஆட்கள் நிற்கப்போகும் இடத்தை ஒரு படம் எடுங்கள். அது ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை இருட்டாக இருந்தால் சரி (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி, கூடினால் இரட்டிப்பு). அதாவது பின்னணி அடையாளம் தெரியவேண்டும், ஆனால் மங்கலாக இருக்கவேண்டும். ரொம்ப இருட்டு என்றால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள், ரொம்ப வெளிச்சம் என்றால் குறையுங்கள். பிறகு ஃபிளாஷைப் போட்டு முகங்களை நிரப்புங்கள்.

அரங்க வெளிச்சத்தை ஃபிளாஷுக்குச் சமமாக விடக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1/60இல் யாராவது தலையை அசைத்தால், ஃபிளாஷ் பதித்த கூர்மையான முகத்தின் விளிம்பில் அரங்க வெளிச்சம் பதித்த இன்னொரு கலங்கிய முகம் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஸ்டாப்புக்கு மேல் இருட்டாக வைத்தால் அந்தப் பேய் உருவம் கண்ணில் படாது.

முன்வரிசை வெளுத்துப்போகிறது, பின்வரிசை இருண்டுபோகிறது. ஃபிளாஷின் சக்தி போதவில்லையா?

சக்தியைக் கூட்டினால் முன்வரிசை இன்னும் வெளுக்கும், அவ்வளவுதான். இது தூரத்தால் வரும் சிக்கல். குழுப் படத்தில் மற்ற எதையும்விட இதைத்தான் முதலில் புரிந்துகொள்ளவேண்டும்.

ஒரு சிறு விளக்கிலிருந்து வரும் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்கு. முன்வரிசை ஃபிளாஷிலிருந்து 2 மீட்டரிலும் பின்வரிசை 3 மீட்டரிலும் நிற்கிறது என்றால், பின்வரிசைக்குக் கிடைப்பது முன்வரிசைக்குக் கிடைப்பதில் 44 சதவீதம். ஒரு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம், எந்தக் கண்ணுக்கும் தெரியும். அதே குழு, அதே ஒரு மீட்டர் இடைவெளி, ஆனால் நீங்கள் பின்னால் நகர்ந்து முன்வரிசை 5 மீட்டர், பின்வரிசை 6 மீட்டர் என்று ஆக்கிவிட்டால் பின்வரிசைக்கு 69 சதவீதம் கிடைக்கும். வித்தியாசம் அரை ஸ்டாப். அதைப் பார்ப்பவர்கள் கவனிக்கவே மாட்டார்கள்.

ஆகவே பின்னால் போங்கள். இடம் இருக்கிற வரை போய், அகலமான லென்ஸுக்குப் பதில் 50 மி.மீ. பக்கம் வாருங்கள். வரிசைகளையும் நெருக்குங்கள். பின்வரிசையில் இருப்பவரின் மார்பு முன்வரிசையில் இருப்பவரின் தோளைத் தொடுகிற அளவு நெருக்கினால் இரண்டு வரிசைகளுக்கு இடையே 40 சென்டிமீட்டர்தான் இருக்கும். பின்வரிசையை ஒரு படி மேலே நிறுத்தமுடிந்தால் முகங்களும் மறையாது.

ஒற்றை ஆளைப் படம் எடுக்கும்போது மென்மையான வெளிச்சத்தைத் தேடி விளக்கைக் கிட்டே கொண்டுவருவோம். குழுவுக்கு அந்தப் பழக்கத்தை விட்டுவிடவேண்டும். இங்கே மென்மையைவிடச் சமம் முக்கியம். பதினைந்து பேரில் நான்கு பேருக்கு மட்டும் அருமையான வெளிச்சம் விழுந்தால் மீதிப் பதினோரு பேருக்கு அது கெட்ட படம்.

பவுன்ஸ் எப்படி அடிப்பது? ஃபிளாஷின் தலையை எந்தக் கோணத்தில் வைப்பது?

ஃபிளாஷை ஆட்கள் மீது நேரே அடிக்காமல் சீலிங்கிலோ சுவரிலோ அடித்துத் திருப்பி விழவைப்பதுதான் பவுன்ஸ். உள்ளங்கை அளவுகூட இல்லாத ஃபிளாஷ் முகப்பு, சீலிங்கில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டாக மாறிவிடும். வெளிச்சம் தரும் பரப்பு பெரிதானால் நிழலின் விளிம்பு கரைந்துவிடும்.

"45 டிகிரி வையுங்கள்" என்று பொதுவாகச் சொல்வது எப்போதும் சரிவராது. பார்க்கவேண்டியது வெளிச்சம் முகத்தில் இறங்கும் கோணத்தை. 20 முதல் 45 டிகிரிக்குள் இறங்கினால் முகம் அழகாக இருக்கும். 60 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இறங்கினால் புருவ எலும்பின் நிழல் கண்குழிக்குள் விழுந்து, கண்கள் இரண்டு கருங்குழிகளாகத் தெரியும். மூக்கின் நிழல் மேலுதட்டின் மீது மீசைபோலப் படியும்.

சீலிங் 3 மீட்டர் உயரம், ஃபிளாஷ் தரையிலிருந்து 1.7 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழு 2 மீட்டர் தள்ளி நிற்கிறது. தலையை 45 டிகிரி முன்னால் சாய்த்தால் வெளிச்சத் திட்டு உங்களுக்கு 1.3 மீட்டர் முன்னால், ஏறக்குறைய அவர்கள் தலைக்கு மேலேயே விழும். அங்கிருந்து முகத்துக்கு 65 டிகிரியில் இறங்கும். கண்குழி உறுதி. அதே அறையில் குழு 4 மீட்டர் தள்ளி நின்று, தலையை நேர் மேலே திருப்பினால் வெளிச்சம் சுமார் 20 டிகிரியில் மென்மையாக வந்து சேரும். எனவே குழு கிட்டே இருந்தால் தலையை மேலே அல்லது பின்னால் சாயுங்கள். தள்ளி இருந்தால் கொஞ்சம் முன்னால் சாய்க்கலாம். உங்களுக்குப் பின்னால் 2 மீட்டருக்குள் வெள்ளைச் சுவர் இருந்தால் அதுதான் இருப்பதிலேயே நல்ல இடம். தலையைப் பின்புறமாகத் திருப்பி, சுவரும் சீலிங்கும் சேரும் மூலையைப் பார்த்து அடியுங்கள்.

இரண்டு சின்ன உதவிகள். ஃபிளாஷ் தலைக்குள் செருகி வைத்திருக்கும் வெள்ளை அட்டையை வெளியே இழுத்துவிடுங்கள். அது கொஞ்சம் வெளிச்சத்தை முன்னால் அனுப்பி, கண்ணுக்குள் ஒரு சிறு பளிச்சிடலைத் தரும். கண்ணில் அந்தப் புள்ளி இல்லையென்றால் முகம் களைத்ததுபோல் தெரியும். இரண்டாவது, தலையை முன்னால் சாய்க்கும்போது முன்வரிசை மீது நேரடி வெளிச்சம் கசியும். ஒரு கருப்பு ஃபோம் துண்டை, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, ரப்பர் பேண்டால் ஃபிளாஷ் தலையின் கீழ்ப்பக்கம் கட்டிவிட்டால் கசிவு நின்றுவிடும்.

பவுன்ஸ் அடித்தால் படம் இருட்டாகிறதே?

ஆகும். சீலிங்கில் பட்டுச் சிதறி வரும்போது இரண்டிலிருந்து மூன்று ஸ்டாப் வரை போய்விடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொதுவான பெரிய ஃபிளாஷ் ஒன்றின் கைடு நம்பர் (சக்தியைச் சொல்லும் எண், தூரத்தால் வகுத்தால் எஃப் எண் வரும்), 35 மி.மீ. நிலையில் ஐஎஸ்ஓ 100க்குச் சுமார் 36 மீட்டர். பெட்டியில் போட்டிருக்கும் 60 என்ற எண் தலையை 200 மி.மீ.க்கு ஜூம் செய்தால் கிடைப்பது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஐஎஸ்ஓ 800இல் இந்த 36 சுமார் 102 ஆகும். மேலே சொன்ன அறையில் குழு 4 மீட்டர் தள்ளி நின்று, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் சீலிங் வழியாக வெளிச்சம் போகும் தூரம் சுமார் 4.8 மீட்டர். 102ஐ 4.8ஆல் வகுத்தால் எஃப் 21. மூன்று ஸ்டாப் இழப்பைக் கழித்தால் எஃப் 7.5. ஆக எஃப் 5.6இல் எடுக்க ஃபிளாஷ் ஏறக்குறைய பாதிச் சக்தியில் உழைக்கவேண்டும். இதே படத்தை ஐஎஸ்ஓ 200இல் எடுக்க முயன்றால் முழுச் சக்தியிலும் போதாது.

சீலிங் மிக உயரம். அல்லது கருப்பு, மரப்பலகை, பச்சை வண்ணம். அப்போது?

சீலிங்கின் நிறம் அப்படியே முகத்தில் வந்து படியும். பச்சைச் சீலிங்கில் அடித்தால் பத்து முகங்களும் பச்சை. கணினியில் அதைச் சரிசெய்யப்போனால் அரங்க வெளிச்சம் பதிந்த பகுதிகள் வேறு நிறத்துக்கு ஓடும். மரப்பலகை வெளிச்சத்தைக் குடித்துவிட்டு மீதியை ஆரஞ்சாகத் திருப்பும். ஐந்து மீட்டருக்கு மேல் உயரம் என்றாலும் கருப்பு என்றாலும் சீலிங்கை மறந்துவிடுங்கள்.

பக்கத்துச் சுவர் வெள்ளையாக இருந்தால் அது உதவும், ஆனால் ஒரு பக்கத்தில் நிற்பவர்களுக்கு அதிகம் விழும். பின்னால் ஒருவரை வெள்ளைத் துணியோ பெரிய தெர்மாகோல் பலகையோ பிடிக்கச்சொல்லி அதில் அடிக்கலாம். ஒரு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அளவுப் பலகையே பெரிய மாற்றம் தரும். இது எதுவும் முடியாத இடத்தில் நேரடி ஃபிளாஷ்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரங்க வெளிச்சத்தை நன்றாக உள்ளே விட்டு, 5 மீட்டர் தள்ளி நின்று, ஃபிளாஷை அளவாக அடித்தால் நேரடி வெளிச்சமும் பார்க்கும்படி இருக்கும்.

ஃபிளாஷ் மீது மாட்டும் வெள்ளை பிளாஸ்டிக் மூடி வெளிச்சத்தை மென்மையாக்குமா?

சின்ன அறையில், வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஆக்கும். மூடி வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது, சுவர்கள் அதைத் திருப்பி அனுப்புகின்றன, மென்மை அந்தச் சுவர்களிடமிருந்து வருகிறது. பெரிய அரங்கத்தில் திருப்பி அனுப்பச் சுவர் பக்கத்தில் இல்லை. அப்போது அந்த மூடி ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை வீணடித்து பேட்டரியைத் தின்பதோடு சரி. 4 மீட்டர் தள்ளி நிற்பவர்களுக்கு மூடி போட்ட ஃபிளாஷும் போடாத ஃபிளாஷும் ஒரே மாதிரி சின்னப் புள்ளிதான்.

டிடிஎல்லா, மேனுவலா?

ஃபிளாஷின் சக்தியைக் கேமராவே அளந்து முடிவுசெய்வது டிடிஎல், நீங்களே வைப்பது மேனுவல். ஆட்களும் தூரமும் மாறிக்கொண்டே இருந்தால் டிடிஎல். ஒரே இடத்தில் ஒரு குழு போய் இன்னொரு குழு வந்து நிற்கிறது என்றால் மேனுவல்.

டிடிஎல்லில் கேமரா முதலில் ஒரு சிறு மின்னலை அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து, சக்தியை முடிவுசெய்யும். எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தால் அது ஏமாந்து இருட்டாக எடுக்கும். கருப்பு உடைகள் என்றால் முகங்களை வெளிறவைக்கும். பின்னால் ஒரு கண்ணாடியோ பளபளப்பான பலகையோ இருந்தால் இன்னும் மோசம். வெள்ளை உடைகளுக்கு ஃபிளாஷ் ஈடுசெய்யும் அளவை +0.7இலும், கருப்புக்கு -0.7இலும் தொடங்கிப் பாருங்கள். பவுன்ஸுக்குப் பொதுவாகவே +0.7 தேவைப்படும்.

மேனுவலில் இந்த ஊசலாட்டம் இல்லை. முதல் குழுவுக்கு இரண்டு சோதனைப் படங்கள், பிறகு கடைசிக் குழு வரை ஒரே வெளிச்சம். தரையில் ஒட்டுநாடாவால் ஒரு கோடு போட்டு முன்வரிசையை அதில் நிற்கவைத்தால் பிறகு எதையும் தொடவேண்டியதில்லை.

தொடர்ந்து எடுத்தால் மூன்றாவது படம் இருட்டாக வருகிறது.

ஃபிளாஷுக்குள் இருக்கும் மின்தேக்கி மின்சாரத்தால் நிரம்ப நேரம் வேண்டும். முழுச் சக்தியில் அடித்தால் நல்ல நிக்கல் பேட்டரிகளுக்கு மூன்று முதல் ஐந்து நொடி. சாதாரண ஆல்கலைன் பேட்டரிகள் முதலில் வேகமாக இருந்தாலும் சீக்கிரமே பத்து நொடிக்கு மேல் இழுக்கும். நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட்தான், ஆல்கலைன் 1.5 வோல்ட். ஆனால் நிக்கலுக்கு உள்தடை குறைவு, கேட்டவுடன் மின்சாரத்தைக் கொட்டும். ஃபிளாஷுக்கு வேண்டியது அதுதான்.

கால் சக்தியில் அடிக்கும்படி ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொண்டால் இரண்டு மூன்று படங்கள் தடையில்லாமல் வரும். பின்பக்க விளக்கு எரிந்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். சில ஃபிளாஷ்களில் முழுதும் நிறையும் முன்பே அந்த விளக்கு எரிந்துவிடும், அதனால் இன்னும் ஒரு நொடி பொறுப்பது நல்லது. முழுச் சக்தியில் இருபது முப்பது முறை விடாமல் அடித்தால் தலை சூடாகி ஃபிளாஷ் தானாக நின்றுவிடும்.

படத்தின் ஒரு ஓரத்தில் நேர்கோடாகக் கருப்புப் பட்டை விழுகிறது.

ஷட்டர் வேகம், ஃபிளாஷோடு சேர்ந்து இயங்கக்கூடிய ஒத்திசைவு எல்லையைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250. அதைத் தாண்டினால் சென்சார் முழுதும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. 1/160க்குக் கீழே வாருங்கள். பட்டை நேர்கோடாக இல்லாமல் படத்தின் அடியில் அரைவட்டமாக இருந்தால் அது லென்ஸின் நிழல். கேமராவோடு வரும் குட்டி ஃபிளாஷில் இது நடக்கும். லென்ஸ் ஹூடைக் கழற்றுங்கள்.

ஃபிளாஷே அடிக்கவில்லை என்றால் கேமரா எலெக்ட்ரானிக் ஷட்டரில், ஓசையில்லாத மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். பல கேமராக்களில் அந்த மோடில் ஃபிளாஷ் வேலை செய்யாது.

ஃபிளாஷை மாட்டும் ஸ்டாண்டும் வெளிச்சத்தைப் பரப்பும் குடையும் இருக்கின்றன. எங்கே வைப்பது?

தனி ஆளுக்கு வைப்பதுபோல 45 டிகிரி பக்கவாட்டில், கிட்டே வைக்காதீர்கள். இடது ஓரத்தில் நிற்பவர் குடையிலிருந்து 2 மீட்டர், வலது ஓரத்தில் நிற்பவர் 5 மீட்டர் என்றால் அவர்களுக்கு இடையே இரண்டரை ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். ஒருவர் சரி, மற்றவர் இருட்டு. போதாததற்கு முதல் ஆளின் நிழல் இரண்டாம் ஆளின் கன்னத்தில் விழும்.

குழுவுக்குக் குடை கேமராவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். உங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு மீட்டர், பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி, குடையின் நடுப்பகுதி 2.3 முதல் 2.5 மீட்டர் உயரத்தில். 150 செ.மீ. குடை இருந்தால் நல்லது, 100 செ.மீ. என்றாலும் எட்டுப் பத்துப் பேருக்குப் போதும். குடையின் நடுவைக் குடைக்கு அருகில் உள்ள ஆளைப் பார்த்துத் திருப்பாமல், எதிர் ஓரத்தில் நிற்பவரைப் பார்த்துத் திருப்புங்கள். அருகில் இருப்பவருக்குக் குடையின் விளிம்பு வெளிச்சமும், தூரத்தில் இருப்பவருக்கு நடு வெளிச்சமும் போகும், இரண்டும் கிட்டத்தட்ட சமமாகிவிடும். 4.5 மீட்டர் தூரம், ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6 என்றால் பாதிச் சக்தியில் தொடங்கலாம்.

இரண்டு குடைகள் இருந்தால் கேமராவின் இருபுறமும் ஒன்றரை மீட்டருக்குள் வைத்து, இடது குடையை வலது ஓரத்துக்கும் வலது குடையை இடது ஓரத்துக்கும் திருப்புங்கள். மிகவும் விலக்கி வைத்தால் ஒவ்வொரு மூக்குக்கும் இரண்டு நிழல் விழும்.

ஸ்டாண்டின் காலில் மணல்பை கட்டாயம். விழாக் கூட்டத்தில் குழந்தைகள் ஓடுவார்கள், திறந்த குடை பாய்மரம் மாதிரி மின்விசிறிக் காற்றில் சாயும். சரிந்து ஒருவர் மேல் விழுந்தால் பிறகு எந்தப் படமும் இனிக்காது.

மூக்குக்கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழுகிறது.

வெளிச்சம் விழுந்த கோணத்திலேயே திரும்பும். விளக்கு லென்ஸுக்கு அருகில் இருந்தால் திரும்பிய வெளிச்சம் நேராகக் கேமராவுக்குள் வரும். விளக்கை இன்னும் 30 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். பிறகு கண்ணாடி அணிந்தவரிடம் போய், காதில் மாட்டியிருக்கும் காம்பை அரை சென்டிமீட்டர் மேலே தூக்கச் சொல்லுங்கள். கண்ணாடிச் சில்லு கொஞ்சம் கீழே பார்க்கும், திட்டும் கீழே போய்விடும். காதருகே காம்பு தூக்கியிருப்பது படத்தில் யாருக்கும் தெரியாது. முகவாயை ஒரு விரல் அளவு தாழ்த்தினாலும் இதே பலன்தான். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். தினமும் அணிபவர் கழற்றினால் அவர் முகமே வேறாகிவிடும், மூக்கின் மேல் தடமும் தெரியும்.

முகங்கள் எண்ணெய் வழிவதுபோல் மின்னுகின்றன.

சிறிய விளக்கு, நேரடி வெளிச்சம், வியர்வை மூன்றும் சேர்ந்த பலன். பவுன்ஸ் அல்லது குடை பாதியைச் சரிசெய்யும். மீதிக்கு மெல்லிய காகிதக் கைக்குட்டை. நெற்றி, மூக்கு நுனி, கன்ன மேடு மூன்றையும் தேய்க்காமல் ஒற்றி எடுக்கவேண்டும். ஒரு நிமிடத்தில் முடிகிற இந்த வேலை கணினியில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

முகம் நீலமாகவும் பின்னணி மஞ்சளாகவும் வருகிறது.

ஃபிளாஷின் நிறம் பகல் வெளிச்சம்போல, சுமார் 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் அலகு, எண் குறைந்தால் மஞ்சள் கூடும்). அரங்கத்து மஞ்சள் விளக்குகள் 2700 முதல் 3200 வரை. ஒரே படத்தில் இரண்டு நிறம் இருந்தால் கேமராவின் நிறத் திருத்தமான ஒயிட் பேலன்ஸால் ஒன்றைத்தான் சரிசெய்யமுடியும். ஃபிளாஷ் முகப்பில் முழு ஆரஞ்சு ஜெல் (நிறமுள்ள ஒளி ஊடுருவும் தாள்) ஒட்டினால் அதன் வெளிச்சம் சுமார் 3200க்கு இறங்கி அரங்கத்தோடு சேர்ந்துவிடும். கேமராவின் ஒயிட் பேலன்ஸை 3200க்கு வையுங்கள், முகமும் பின்னணியும் ஒன்றாகச் சரியாகும். பின்னணியில் கொஞ்சம் மஞ்சள் இதம் இருக்கட்டும் என்றால் அரை ஆரஞ்சு ஜெல் போட்டு 3800. எங்கள் பரிந்துரை இந்த அரை ஜெல்தான். முழு ஜெல் ஏறக்குறைய முக்கால் ஸ்டாப் வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மட்டும் வேண்டாம், படத்துக்குப் படம் மாறும்.

பின்னணியில் கிடைமட்டமாகக் கோடுகள்?

எல்இடி விளக்குகளின் துடிப்பு அது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும், அங்கே ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/125.

பின்வரிசை மங்கலாக இருக்கிறது. ஃபோகஸ் எங்கே வைப்பது?

50 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, 4 மீட்டரில் ஃபோகஸ் என்றால் கூர்மையாக இருப்பது 3.5 மீட்டரிலிருந்து 4.6 மீட்டர் வரை மட்டும். முன்வரிசையில் ஃபோகஸ் வைத்தால் 65 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் மூன்றாம் வரிசை 5.3 மீட்டரில் இருக்கும், மங்கித்தான் போகும். எஃப் 5.6 வைத்தால் அதே லென்ஸில் 3.2 முதல் 5.4 வரை கிடைக்கும். இரண்டு வரிசைக்கு எஃப் 5.6, முன்வரிசைக் கண்ணில் ஃபோகஸ். மூன்று வரிசைக்கு மேல் எஃப் 8, இரண்டாம் வரிசையில் ஃபோகஸ். கேமரா தானாக முகம் தேடுவதை நம்பிவிட்டால் சில சமயம் பின்னால் நடந்துபோகிறவரைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் பாதுகாப்பானது.

ஓரத்தில் நிற்பவர்கள் பருத்துத் தெரிகிறார்களே?

24 மி.மீ.க்குக் கீழே போனால் ஓரத்தில் தலைகள் பக்கவாட்டில் இழுபடும். 35க்குக் கீழே போகாமல் இருக்கப் பாருங்கள். மனதில் வைக்க எளிய கணக்கு: 35 மி.மீ. லென்ஸில் நீங்கள் நிற்கும் தூரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவே படத்தின் அகலம். 4 மீட்டர் தள்ளி நின்றால் 4 மீட்டர் அகலம். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பித் தோள் மறைத்து நிற்கும் ஒருவருக்கு 45 சென்டிமீட்டர் என்றால், இரு ஓரமும் இடம் விட்டு ஏழு பேர். அதற்கு மேல் என்றால் அடுத்த வரிசை போடுங்கள்.

யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுகிறார். எத்தனை படம் எடுக்கவேண்டும்?

இதற்குக் கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் இதை ஆராய்ந்து 2006இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு பெற்றார்கள். இருபது பேருக்குக் குறைவான குழுவுக்கு அவர்கள் தந்த எளிய விதி: நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், மங்கிய வெளிச்சத்தில் இரண்டால். மங்கிய அரங்கில் 12 பேர் என்றால் ஆறு படம்.

எல்லாரையும் கண்ணை மூடச்சொல்லி, மூன்று எண்ணித் திறக்கவைத்து, அரை நொடி பொறுத்து அழுத்துவதும் பலிக்கும். டிடிஎல்லின் முன்-மின்னலுக்கே சிலர் இமைத்துவிடுவார்கள். ஷட்டர் மூடும் தருணத்தில் ஃபிளாஷ் அடிக்கும் பின்திரை ஒத்திசைவில், மெதுவான ஷட்டரில் முன்-மின்னலுக்கும் முதன்மை மின்னலுக்கும் இடைவெளி கூடுவதால் இது மோசமாகும். மேனுவலுக்கு மாறினால் முன்-மின்னலே இல்லை.

கண்ணில் சிவப்பு?

லென்ஸுக்கு மிக அருகில் ஃபிளாஷ் இருந்தால் விழித்திரையின் ரத்தச் சிவப்பு திரும்பி வரும். பவுன்ஸ் அடித்தால் வராது. செங்கண் குறைப்பு மோடை அணைத்துவிடுங்கள். அது முதலில் சில மினுக்கல்களைப் போடும், படம் எடுத்து முடிந்தது என்று எல்லாரும் சிரிப்பைக் கலைத்துவிடுவார்கள்.

பின்சுவரில் ஒவ்வொருவருக்கும் கரிய நிழல் விழுகிறது.

குழுவைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள். சுவரே கண்ணாடியாகவோ பளிங்காகவோ இருந்தால் நிழலுக்குப் பதில் ஃபிளாஷின் பளிச்சிடல் விழும், அப்போது சுவருக்கு நேராக நிற்காமல் குழுவையும் சேர்த்து 20 டிகிரி திருப்பி நில்லுங்கள். கேமராவை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடிக்கும்போது ஃபிளாஷ் பக்கவாட்டுக்குப் போய்விடும். குழுவுக்குப் படுக்கைவாட்டுப் படமே போதும்.

குழுவில் வெளிறிய நிறத்தவரும் கருநிறத்தவரும் கலந்திருக்கிறார்கள்.

கருநிற முகம் இருளில் கரையாமல், வெளிறிய முகம் வெந்துபோகாமல் வரவேண்டும். மிக வெளிறிய நெற்றியில் விவரம் எரிந்துபோகாத எல்லை வரை வெளிச்சத்தை ஏற்றுங்கள், கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் வலது விளிம்பை அது தொடக்கூடாது. கருநிறத்தவரை விளக்குக்கு அருகான பக்கம் நிற்கவையுங்கள், அவர்களுக்கு அரை ஸ்டாப் கூடுதலாகக் கிடைக்கும். கருநிறத் தோல் அழகாகப் பதிவது பெரிய பரப்பிலிருந்து வரும் வெளிச்சத்தில். கன்னத்திலும் நெற்றியிலும் அது நீண்ட மெல்லிய ஒளிர்வாகப் படியும், முகத்தின் வடிவம் அந்த ஒளிர்வில்தான் எழும். சின்ன நேரடி ஃபிளாஷ் அதே இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டை வைத்துவிட்டு மீதியை இருட்டில் விடும். சென்சார் பதித்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுங்கள். நிழலை ஒரு ஸ்டாப் தூக்க அது இடம் தரும்.

கைக்குழந்தை இருந்தால் ஃபிளாஷ் அடிக்கலாமா?

பவுன்ஸ் தாராளமாக அடிக்கலாம். முகத்துக்கு நேரே, கிட்டத்தில் அடிக்காதீர்கள், குழந்தை திடுக்கிட்டு அழும். வலிப்பு நோய் உள்ள ஒருவர் குழுவில் இருப்பதாகத் தெரிந்தால் அடுத்தடுத்து வேகமாக மின்னவிடாமல், ஒவ்வொரு படத்துக்கும் இடைவெளி விடுங்கள். அவருக்குச் சம்மதமா என்று முதலில் கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

போன் மட்டும்தான் இருக்கிறது.

போனின் பின்னால் உள்ள எல்இடி இரண்டு மீட்டரைத் தாண்டினால் பயன்படாது. லென்ஸுக்கு ஒட்டியே இருப்பதால் முகத்தைத் தட்டையாக்கிக் கண்ணைச் சிவக்கவைக்கும். அதை அணைத்துவிட்டு, குழுவை அரங்கத்தின் பெரிய விளக்கைப் பார்த்து நிற்கவையுங்கள். தலைக்கு நேர் மேலே உள்ள விளக்கின் அடியில் வேண்டாம், அதிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் பின்னால் தள்ளி நின்றால் வெளிச்சம் முகத்துக்கு வரும். நைட் மோடு ஒன்றிரண்டு நொடி எடுத்துக்கொள்ளும், அதுவரை அசையக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாறு பேர்தான் என்றால் இன்னொரு போனின் டார்ச்சை ஒருவர் கையில் கொடுத்து, உங்கள் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்த ஒரு வெள்ளைத் தாளின் மீது அடிக்கச் சொல்லுங்கள். டார்ச்சுக்கும் தாளுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் விடுங்கள், தாள் முழுதும் ஒளிரும். குழு ஒன்றரை மீட்டருக்குள் நின்றால் அந்தத் தாளின் வெளிச்சம் கண்களுக்குள் சின்னச் சதுரமாகத் தெரியும்.